ஆணித்தறியும் என் சுண்டு விரலும்

எனக்கு வந்தது தொழுநோய். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுவது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோதே முடிவு செய்துவிட்டேன். நரம்புக் கோளாறு, தோல் அலர்ஜி என்று எதையாவது எழுதித் தொலையேன் என்று வீட்டில் கெஞ்சினார்கள். முடியாது என்றேன். படிக்கிறவர்களுக்குக் கூச்சமாக இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். காகிதத்தில் ஒட்டிக்கொண்டு வராது, பயப்பட வேண்டாம்.

என் பெயர் ஸ்டெல்லா. வயது ஐம்பத்து நான்கு. தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் ஒரு அபார்ட்மெண்டில் இருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்குக் கோபம் அதிகம் என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முன்னால் சொன்னாலும் மறுக்கமாட்டேன்.

விஷயம் ஒரு படுக்கை விரிப்பில்தான் தொடங்கியது. எங்கள் மாடிகளில் இருக்கும் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து சாயங்காலங்களில் ஆணித்தறி போடுகிறோம். பின் லூம் என்று வீடியோக்களில் சொல்வார்கள், ஆணித்தறி என்பது நாங்கள் வைத்த பெயர். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய மரச்சட்டம், நாலு பக்கமும் வரிசையாகச் சின்ன ஆணிகள். மூன்று ஆணி, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று ஆணி. பருத்தி நூலை மூன்று அடுக்காகச் சுற்றிவிட்டு, நாலாவது அடுக்கை நீள ஊசியால் ஒன்றின் மேலே ஒன்றின் கீழே என்று கோத்தால் ஒரு சதுரக் கட்டம் கிடைக்கும். கட்டங்களைச் சேர்த்துத் தைத்தால் டம்ளர் மேட், பை, ஜன்னல் திரை, எது வேண்டுமானாலும் ஆகும். சட்டங்களையெல்லாம் செய்து கொடுத்தவர் என் வீட்டுக்காரர் சாமுவேல். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சுத்தியலைக் கையில் கொடுத்தால் சாப்பாடு கேட்கமாட்டார்.

என் மகள் ஜெனிக்குப் போன வருஷம்தான் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்குச் சிறுசேரியில் வேலை. மாமியாரோடு கீழ்க்கட்டளையில் வாடகை வீட்டில் இருந்தவர்கள் கூடுவாஞ்சேரியில் புது ஃபிளாட் வாங்கினார்கள். மே மாதக் கடைசியில் வீட்டு ஜெபம். கத்திரி வெயிலில் முதுகில் ஒட்டாமல் படுக்க ஒரு பருத்தி விரிப்பு செய்து தருகிறேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். முந்நூற்றுச் சொச்சம் கட்டங்கள். மற்ற பெண்களும் ஆளுக்குக் கொஞ்சம் செய்து தருவதாக ஏற்றுக்கொண்டார்கள். பொங்கல் முடிந்ததும் ஆரம்பித்தோம்.

பிப்ரவரியிலேயே என் கட்டங்கள் தொளதொளவென்று வர ஆரம்பித்தன. நூலைச் சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் விட்டு இழுத்துப் பிடித்தால்தான் கட்டம் விறைப்பாக வரும். என் விரல்கள் பிடித்தால்தானே! நூல்தான் மட்டம் என்று கடைக்காரரோடு சண்டை போட்டேன். ஆணி அடித்ததுதான் கோணல் என்று வீட்டுக்காரரோடும் ஒரு சண்டை. அவர் வாயைத் திறக்காமல் அத்தனை ஆணியையும் பிடுங்கிப் புதிதாக அடித்துக் கொடுத்தார். பாவம்.

ஒருநாள் இரண்டாவது மாடி சரளா என் கையைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "அக்கா, ரத்தம்! விரல்ல ரத்தம் வழியுது பாருங்க!"

சுண்டு விரலின் வெளிப்பக்கம் ஆணிகளில் உரசி வரிவரியாகக் கீறியிருந்தது. எனக்கு வலிக்கவே இல்லை. அதற்கு முன் செய்த கட்டங்களை எடுத்துப் பார்த்தால் ஓரங்களில் பழுப்புப் புள்ளிகள். டீக்கறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அத்தனையும் என் ரத்தம். "முப்பது வருஷம் சாக்பீஸ் பிடிச்ச கை, தோல் தடிச்சுப் போச்சு" என்று சொல்லிச் சிரித்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது?

எலும்பு டாக்டரிடம் போனோம். கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது என்றார். ஸ்கேன் எடுத்தார்கள், கழுத்துக்கு ஒரு பட்டை மாட்டினார்கள். மார்ச், ஏப்ரல் வெயிலில் அந்தப் பட்டையோடு பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு நடத்தினேன். விரல் தேறவில்லை. கழுத்தைச் சுற்றி வேர்க்குரு பொரிந்ததுதான் மிச்சம். அந்த வேர்க்குருவுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அதைக் காட்டத்தான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன்.

சின்ன வயசுப் பெண். வேர்க்குருவுக்கு மருந்து எழுதிக்கொண்டே என் முன்கையில் இருந்த வெளுத்த தேமலைப் பார்த்தாள். எழுதுவதை நிறுத்தினாள். "இது எவ்ளோ நாளா இருக்குமா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். தேமல்தானே?"

"கண்ண மூடிக்கங்க. பஞ்சால தொடுவேன். தொடும்போது சொல்லுங்க."

மூடிக்கொண்டேன். உட்கார்ந்தே இருந்தேன். வெளியே வெயிட்டிங் ரூமில் யாரோ குழந்தையை அதட்டுவது கேட்டது. பொறுமை போய், "எப்ப டாக்டர் தொடப் போறீங்க?" என்றேன்.

"தொட்டு முடிச்சிட்டேன்மா" என்றாள்.

பிறகு என் முழங்கையின் பின்பக்கம் விரலால் தடவினாள். அங்கே எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு ஒரு கயிறு கனத்துக்குத் தடித்திருந்தது. என் கையைப் பிடித்து அதை நானே தொட்டுப் பார்க்க வைத்தாள். சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் உணர்ச்சி கொண்டுபோகிற நரம்பு அதுதானாம். அப்புறம் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர், "இதுக்கு வேற பேரு ஏதாவது இருக்கா டாக்டர்?" என்று கேட்டார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அவள் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், பலருக்கு உபயோகப்படும். இது ஒரு கிருமி. சாபம் இல்லை, பாவம் இல்லை, பரம்பரையும் இல்லை. சிகிச்சை எடுக்காதவரோடு ரொம்ப நாள் நெருங்கிப் பழகினால் மூச்சு வழியாக வரலாம். வந்தாலும் பெரும்பாலானவர்கள் உடம்பு அதை விரட்டிவிடும். மாத்திரை ஆரம்பித்துவிட்டால் மற்றவர்களுக்குப் பரவாது. ஒரு வருஷம் விடாமல் சாப்பிட்டால் முழுசாகக் குணமாகும். காதுமடலில் மெல்லிசாகக் கீறி, அதில் கசியும் நீரைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கம்மல் குத்தும் வலிதான். கூட வாழ்ந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை தோலைக் காட்டிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மாத்திரை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. தேவையில்லாத கழுத்துப் பட்டைக்கும் ஸ்கேனுக்கும் கொட்டியதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

முதல் மாத்திரை சாப்பிட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போனது. மருந்தின் நிறம்தான் அது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் பாத்ரூமில் இருந்து நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் கதவை உடைக்கப் பார்த்தார்.

பத்தாம் நாள் முழங்கை வீங்கி, சுள்சுள்ளென்று வலி தோள் வரை ஏறியது. சாகிற கிருமியோடு உடம்பு சண்டை போடும்போது நடுவில் மாட்டிக்கொள்வது நரம்பு. அதைத் தணிக்க ஸ்டீராய்டு வேண்டும், சர்க்கரையும் ஏறும், ஆஸ்பத்திரியில் இருந்துதான் ஆக வேண்டும் என்றார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். பெரிய டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "நரம்பு மரத்துப்போய் ஆறு மாசத்துக்குள்ள பிடிச்சாதான் திரும்பும்மா. உங்களுக்குக் கிட்டத்தட்ட மூணு மாசம் போயிடுச்சு. இப்ப விட்டா ரெண்டு விரலும் மடங்கினது மடங்கினதுதான்."

ஆக, என் வலது கை போகுமா நிற்குமா என்பதுதான் கேள்வி. நான் என்ன செய்தேன் தெரியுமா? விரிப்பு முடியவில்லையே என்று கவலைப்பட்டேன்.

பெண்கள் வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டில் குமுதா. பல்லாவரம் ஸ்டேஷன் வாசலில் இட்லிக் கடை போடுகிறவள். தோசைக்கல்லில் விரல் வெந்ததுகூடத் தெரியாமல் வியாபாரம் பார்த்து, புண் பெரிதாகி வந்து படுத்திருந்தாள். நான் போன அன்றே சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அவள் விடவில்லை.

"இன்னா டீச்சரம்மா, மூஞ்ச மூடிக்கினு கீறே? இங்க கீற அத்தினி பேருக்கும் ஒரே நோவு. யாருக்குக் காட்டாம யாருக்கு மறைக்கிற?"

அடுத்த நாள் தலைப்பை எடுத்துவிட்டேன். வெயிலுக்கு அது வேறு புழுக்கம்.

வாரத்துக்கு ஒருமுறை நரம்புச் சோதனை நடக்கும். ஒரு பிடியின் நுனியில் நைலான் இழை இருக்கும், மீன் தூண்டில் நூல் போல. கண்ணை மூடச் சொல்லி, அந்த இழையால் விரலின் ஒவ்வொரு இடத்திலும் தொடுவார்கள். உணர்ந்தால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் ஸ்டீராய்டைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்வார்கள். இரண்டாவது வாரம் சோதிக்க வந்தது பயிற்சிக்கு வந்த ஒரு பெண். அவள் தொட்ட விதம் எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. நன்றாக உணர்ச்சி இருக்கும் கட்டை விரலில் தொடங்கினாள். மூன்று தடவை தொட்டாள், கொஞ்சம் இடைவெளி விட்டாள், மறுபடி மூன்று. ஆணித்தறியின் கணக்கேதான்! சுண்டு விரலுக்கு வந்தபோது எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. ஆனால் மனசுக்குள் ஆணி எண்ணிக்கொண்டு சரியான நேரத்துக்கு, "ஆமாம், ஆமாம், ஆமாம்" என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். "சூப்பர் மேடம், நல்லா ரெக்கவர் ஆகிட்டீங்க!" என்று எழுதிக்கொண்டு போனாள். மருந்தைக் குறைத்து, வார முடிவில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டரும் எழுதிவிட்டார். பரீட்சையில் காப்பியடிக்கும் பிள்ளைகளை முப்பது வருஷம் பிடித்த எனக்கு, அன்று காப்பியடித்துப் பாஸான குஷி.

மறுநாள் காலை பிசியோதெரபி பியூலா மேடம் ரவுண்டுக்கு வந்தார். மகள் வீட்டு ஜெபத்துக்குப் போய்விடலாம் என்று நான் அவரிடம் அளந்துகொண்டிருந்தேன். குமுதா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"மேடம், டீச்சரு பொய் சொல்லுது."

"குமுதா, நீ சும்மா இரு" என்றேன்.

"இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்? நேத்து அந்தப் பொண்ணு பேனா விழுந்துச்சுன்னு குனிஞ்சு எடுக்குது, தொடவே இல்ல. இது கண்ண மூடிக்கினு 'ஆமாம் ஆமாம்'ங்குது, அது கவனிக்கவே இல்ல. நான் பாத்துக்கினுதானே இருந்தேன்!"

பியூலா மேடம் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். இழையை எடுத்து வந்து அவரே சோதித்தார். ஒரு தொடுகை, நீண்ட இடைவெளி, இரண்டு தொடுகை, மறுபடி காத்திருப்பு. என் ஆணிக் கணக்கு அங்கே செல்லவில்லை. சுண்டு விரலில் பூஜ்யம். மோதிர விரலில் பாதி. முதல் வாரத்தைவிட மோசம்.

"டீச்சர், நான் உங்களுக்கு மார்க் போட வரல. உங்க கைய வச்சுக்கதான் வந்தேன். டோஸ குறைச்சது குறைச்சபடியே விட்டிருந்தா இந்த மாசமே விரல் போயிருக்கும். அப்புறம் உங்க பொண்ணு வீட்டுக்கு எத எடுத்துட்டுப் போவீங்க?" என்றார்.

அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. குமுதாவோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவள் வீட்டில் இருந்து வந்த காரக்குழம்பில் பாதியை என் தட்டில் ஊற்றினாள். "கோவத்துல துன்னா ஒடம்புல ஒட்டாது, சிரிச்சுக்கினே துன்னு" என்றாள். தின்றேன். அவள் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இதை இடது கையால்தான் எழுதிக்கொண்டிருப்பேன்.

மருந்தை மறுபடி ஏற்றினார்கள். என் தறியை வீட்டில் இருந்து கொண்டு வரச் சொன்னவரும் பியூலா மேடம்தான். ஆனால் நிபந்தனை போட்டார். சுண்டு விரல் பக்கம் தடித்த துணியுறை மாட்ட வேண்டும். ஊசியின் தலையில் ரப்பர் குழாய் செருகிப் பிடியைப் பருமனாக்க வேண்டும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பத்து விரலையும் கண்ணால் பார்க்க வேண்டும், விரலுக்குத் தெரியாததைக் கண்தான் சொல்ல வேண்டும். அதோடு தினமும் ஒரு பயிற்சி. கட்டிலுக்கு மேலே இருக்கும் ஃபேன் சுவிட்சைச் சுண்டு விரலை நீட்டி, அந்த ஒரு விரலால் மட்டும் அழுத்த வேண்டும். முதல் நாள் விரல் வளைந்து சரிந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. "போடு டீச்சரு, வேத்து ஊத்துது!" என்று வார்டே கத்தும். கடைசியில் குமுதாதான் எழுந்து போடுவாள். நான் அங்கிருந்து கிளம்பும் நாள் வரை அந்த சுவிட்ச் எனக்கு மசியவில்லை.

என் வீட்டுக்காரர் தினமும் சேலையூரில் இருந்து பஸ் மாறி சாப்பாடு கொண்டு வருவார். நான் மிச்சம் வைத்ததை என் தட்டிலேயே, என் ஸ்பூனாலேயே சாப்பிட்டுவிட்டுப் போவார். ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேசத் தெரியாது அவருக்கு. ஜெனியும் வந்தாள். ரகசியமாகத் தோல் பரிசோதனை செய்துகொண்டாள், அவளுக்கு ஒன்றும் இல்லை. போகும்போது என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். "அம்மா, அத்தைகிட்ட நரம்பு வீக்னஸ்னு மட்டும் சொல்லிடும்மா. ப்ளீஸ்மா. அந்த வீட்ல நான் இருக்கணும்."

பெற்ற பெண் இதைக் கேட்டபோது முழங்கை வலி ஒன்றுமில்லை என்று தோன்றியது. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மே நடுவில் வீட்டுக்கு வந்தேன். வந்த அன்று சாயங்காலமே தறிப் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து உள்ளதைச் சொன்னேன். யாரும் எழுந்து போகவில்லை, காப்பியை மட்டும் யாரும் தொடவில்லை. மறுநாள் காலை எங்கள் வாசல் கிரில்லில் ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்கியது. உள்ளே சரளா என்னிடம் இருந்து வாங்கிப்போன தறி, நூல், நான் மாதிரிக்குக் கொடுத்த கட்டங்கள். என் விரலில் ரத்தத்தை முதலில் பார்த்துப் பதறியவள் அவள். அது எனக்கு ரொம்ப வலித்தது.

வலி இறங்கியதும் கோபம் ஏறியது. தொட பயமா? சரி, எது நான் தொட்டது என்று ஊருக்கே தெரியட்டும். வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பி நல்ல ரத்தச் சிவப்பில் நூல் வாங்கி வரச் சொன்னேன். நான் பழைய நூலில் செய்து ஏற்கெனவே சேர்த்துத் தைத்த கட்டங்களை நாலு பக்கத் தையலும் வெட்டி எடுத்தேன். துணியுறையை மாட்டிக்கொண்டு புதிதாக நெய்தேன். மூன்று அடுக்கு வெள்ளை, நாலாவது அடுக்கு சிவப்பு. ஒரு கட்டத்துக்கு முன்பு இருபது நிமிஷம் ஆகும், இப்போது ஒரு மணி நேரம் ஆனது. கட்டம் முடிந்ததும் விரல்களைப் பார்ப்பேன், அப்புறம்தான் அடுத்தது. மற்ற பெண்களில் நாலு பேர் மூன்றாம் நாள் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார்கள். முப்பத்தாறு சிவப்புக் கட்டங்களையும் தலைமாட்டில் வைத்தேன், முகம் படுகிற இடத்தில்.

ஜெபத்தன்று கூடுவாஞ்சேரி ஃபிளாட்டில் நல்ல கூட்டம். போதகர் ஜெபித்துவிட்டுக் கிளம்பினார். சொந்தக்காரர்கள் படுக்கையறையில் நின்று பரிசுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டில்மேல் கடையில் வாங்கிய பூப்போட்ட பெட்ஷீட் விரித்திருந்தது. நான் விரிப்பைப் பிரித்து நீட்டினேன். சம்பந்தி அம்மா ஆசையாகத் தடவிப் பார்த்தார்.

"எவ்ளோ வேலை! இந்த செவப்புக் கட்டம்தான் எடுப்பா இருக்கு. இது யாரு பண்ணது?"

ஜெனி என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்த கெஞ்சல் எனக்குத் தெரியாமல் இல்லை.

"நான்தான். எனக்குத் தொழுநோய் வந்திருக்கு சம்பந்தி. மாத்திரை சாப்பிடுறேன், யாருக்கும் ஒட்டாது. என் கை பட்டது எதுன்னு தெரியணும்னுதான் செவப்பு போட்டேன்."

சம்பந்தி அம்மாவின் கை சட்டென்று பின்னால் போனது. அவர் நேராகப் போய்க் கை கழுவினார், குழாய்ச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் குடிப்பதில்லை. குடிக்காமல் போகட்டும், தாகம் அவருக்குத்தானே.

ஜெனி என் பக்கம் திரும்பினாள். என்னைத் திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். விறுவிறுவென்று கட்டிலுக்குப் போனாள். பூப்போட்ட பெட்ஷீட்டைச் சுருட்டி மூலையில் எறிந்தாள். என் கையில் இருந்த விரிப்பைப் பிடுங்கி விரித்தாள். பட்டுப்புடவையும் பூவுமாக அப்படியே அதில் சாய்ந்து, சிவப்புக் கட்டங்களில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வேர்க்குதும்மா. ஃபேனப் போடு" என்றாள்.

சுவிட்ச் என் பக்கத்தில்தான் இருந்தது. சுண்டு விரலை நீட்டி அழுத்தினேன். ஃபேன் சுற்றியது.